ஒரே மூட்டை, இரண்டு போர்வைகள்: ஈசூனில் மிச்சத் துணித் தையல் பற்றிய நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தை ஒட்டிய சிறிய அறையில் சனிக்கிழமை பிற்பகல்களில் கூடித் தைக்கும் எட்டுப் பெண்கள், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் உள்ள ஒரு தையற்கடையிலிருந்து கிடைத்த ஒரே மூட்டை வெட்டுத்துணியைக் கொண்டு இரண்டு ஒட்டுப் போர்வைகளைத் தைத்தார்கள். முதற்போர்வை இரண்டாம் துவைப்போடு பயன்படாமல் போயிற்று. இரண்டாவது போர்வை இன்றும் நாள்தோறும் ஒரு கட்டிலில் விரிக்கப்படுகிறது. துணி வந்த இடம் ஒன்று, தைத்த கைகள் அவையே, தையல் இயந்திரங்களும் அவையே. அப்படியிருக்க முடிவு மட்டும் ஏன் இவ்வளவு மாறியது என்பதைப் படிப்படியாகப் பின்னோக்கிப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். அந்த எண்மரில் நானும் ஒருத்தி. முதற்போர்வையின் பிழைகளில் பாதிக்கு நானே பொறுப்பு என்பதால், பிறரைக் குறைகூறும் வேலை எனக்கு இல்லை.

மூட்டையில் இருந்தவை

தையற்கடையின் மிச்சத் துணி என்றால் அழகழகான வண்ணத் துண்டுகள், எடுத்து இணைக்க வேண்டியதுதான் என்ற மயக்கம் பலருக்கு உண்டு. மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டியபோது எங்களுக்கும் அதே மயக்கம்தான். ஆனால் ரவிக்கைக்கு வாங்கிவரும் எண்பது சென்டிமீட்டர் அல்லது ஒரு மீட்டர் துணியில் முதுகு, முன்பாகம், கை, பட்டி எல்லாம் வெட்டி எடுத்தபின் மேசையில் மிஞ்சுவது கைக்குழி வளைவும் கழுத்து வளைவும் அரித்தெடுத்த பிறைவடிவத் துண்டுகளே ஆகும். அகலமான துண்டு மிஞ்சினால் அதைக் கடைக்காரரே நாடாவுக்கும் ஓரத்துக்கும் எடுத்துக்கொள்வார். ஆகவே நமக்கு வருவது மிச்சத்தின் மிச்சம்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் தேக்கா சந்தையின் மேல்மாடித் தையற்கடைகளில் இத்தகைய துணி மலைபோலக் குவியும். எங்களுக்கு வந்த மூட்டை ஒன்பது கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது. ரவிக்கைக்கான மெல்லிய பருத்தியாகிய டூ பை டூ ரூபியா, லைனிங் பாப்ளின், சுடிதார்ப் பருத்தி ஆகியவற்றோடு சாட்டின், ஜார்ஜெட், வலைத்துணி, ஜரிகை புரோகேட், பட்டுப் போலத் தோன்றும் ஆர்ட் சில்க் எல்லாம் அதில் கலந்து கிடந்தன. மூட்டையைத் தரும்போதே கடைக்கார அக்கா என்னிடம் சொன்னார்: "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுத் தச்சிடாதீங்கம்மா. ஒண்ணு சுருங்கும், ஒண்ணு சுருங்காது." "சரிக்கா, பாத்துக்கிறோம்" என்று தலையாட்டிவிட்டு மூட்டையை எம்ஆர்டி ரயிலில் ஏற்றினேன். ஈசூன் வந்து சேர்வதற்குள் அவர் சொன்னது மறந்துபோயிற்று.

குவியலைப் பார்க்க வந்த மலாய்க்கார அண்டைவீட்டம்மா "பெர்ச்சா!" என்று மகிழ்ந்தார். வெட்டி மிஞ்சிய துண்டுத்துணிக்கு மலாயில் அதுவே பெயர். பிறந்த குழந்தைக்காக நூறு வீடுகளில் துண்டு கேட்டு வாங்கிப் போர்வை தைக்கும் பழக்கம் சீனரிடம் உண்டு என்பதையும் அன்றைக்கே பேசிக்கொண்டோம். வங்காளத்துக் காந்தாவும் வடகர்நாடகத்துக் கௌதியும் பழம்புடவைகளை அடுக்கித் தைப்பவை. காந்தா என்ற பெயரும் நம் 'கந்தை'யும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இந்த இரண்டு மரபிலும் பலமுறை துவைத்துப் பழகிய துணியே போர்வைக்குப் போகிறது. எங்கள் மூட்டையிலோ ஒரு துண்டுகூடத் தண்ணீரைப் பார்த்ததில்லை. இந்த வேறுபாடு அப்போது எங்கள் கண்ணில் படவில்லை.

முதற்போர்வை

தீபாவளிக்கு ஐந்து வாரமே இருந்தது. ஐந்து அங்குலச் சதுரம், அகலத்தில் பன்னிரண்டு, நீளத்தில் பதினாறு, ஆக 192 சதுரங்கள் என்று முடிவு செய்தோம். சதுரத்தின் நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குள் மடிந்து போவதால், தைத்தபின் ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாக நிற்க வேண்டும். போர்வை 54 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் வர வேண்டும். தரம் பிரிப்பதற்கு நாங்கள் ஒதுக்கிய நேரம் ஒரு பிற்பகல். அந்தப் பிற்பகலிலும் நாங்கள் நிறம் பார்த்துப் பிரித்தோமே தவிர, துணியைப் பார்த்துப் பிரிக்கவில்லை. மெரூன் ரூபியாவும் மெரூன் சாட்டினும் ஒரே அடுக்கில் போயின.

உள்ளே வைக்க ஒரு பஞ்சுத் தகடு வாங்கினோம். நூறு விழுக்காடு பருத்தி என்று உறையில் எழுதியிருந்ததால் அது உயர்வானது என்று நம்பினோம். அடித்துணிக்கு மூட்டையோடு இலவசமாக வந்த நீண்ட சாட்டின் துண்டுகளை ஒட்டுப்போட்டோம். மூன்று வீட்டு இயந்திரங்களில் மூவர் வரிசைகளைத் தைத்தார்கள். மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைக்க நேரமில்லாததால், ஓரம் முழுதும் ஒரு தையலும், நடுவில் ஆங்காங்கே நூல் முடிச்சும் போட்டு நிறுத்தினோம்.

வரிசைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோதே முதல் அடையாளம் தெரிந்தது. ஓர் இயந்திரத்தில் தைத்த வரிசைகள் ஐம்பத்து நாலரை அங்குலம் வந்தன. இன்னொன்றில் தைத்தவை ஐம்பத்து மூன்றுக்குச் சற்று மேல் நின்றுவிட்டன. இழுத்து, ஊக்குக் குத்தி, சேர்த்துத் தைத்தோம். இழுபட்ட வரிசைகள் அமைதியாக இருப்பதுபோலப் பாவனை செய்தன. விளக்கொளியில் மட்டும் ஆங்காங்கே அலை தெரிந்தது.

போர்வை என் மாமியாருக்குப் போயிற்று. தீபாவளியன்று விரித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்த ஒரு நாளில் அத்தை அதை இயந்திரத்தில் போட்டுத் துவைத்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப் போட்டார். மறுநாள் மாலை என்னை அழைத்தார். "ரெண்டு நாளாகப் போகுதும்மா, இன்னும் காயல. ராத்திரி போத்திக்கிட்டா மழைக்கோட்டுப் போட்ட மாதிரி வேர்க்குது. இது போர்வையா, என்னதும்மா?" என்றார். நான் நேரில் போய்ப் பார்த்தபோது மெரூன் சாயம் பக்கத்துச் சந்தன நிறச் சதுரங்களில் பூ விரிந்ததுபோல இறங்கியிருந்தது. ரூபியாச் சதுரங்கள் சுருங்கி, சுருங்காத பாலியெஸ்டரைச் சுற்றி இழுத்து, தையல் வழிநெடுகச் சுருக்கம் விழுந்திருந்தது. புரோகேட்டின் அடிப்பக்க ஜரிகை இழைகள் பிசிறாக மேலெழுந்து கையைக் கீறின. இரண்டாம் துவைப்புக்குப் பின் பஞ்சு மூலைகளில் திரண்டு, நடுப்பகுதி வெறும் இரட்டைத் துணியாகத் தொங்கியது. முகர்ந்தால் பூஞ்சை வாடை.

வீசம் செய்த வேலை

இவற்றில் சாயம் இறங்கியதும் துணி சுருங்கியதும் துவைக்காமல் தைத்ததன் விளைவுகள். அதற்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சிறுவயதிலேயே படித்த எட்டுப் பேர், கசக்குவதைக் கட்டிய பிறகு வைத்துக்கொண்டோம். பஞ்சு திரண்டதற்கும் காரணம் எளிது. பருத்திப் பஞ்சுத் தகடு எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை தைக்கப்பட வேண்டும் என்பது அதன் உறையிலேயே அச்சிட்டிருக்கும். அந்த இடைவெளியைத் தாண்டினால் துவைக்கும்போது பஞ்சு பிரிந்து ஓடும். நாங்கள் முடிச்சுப் போட்ட இடைவெளி ஒரு முழத்துக்கும் மேல். நீரை ஊறிப் பிடிக்கும் பஞ்சுக்கு அடியில் காற்று எளிதில் புகாத சாட்டினை வைத்தது, ஈரத்தைப் பூட்டிவைத்ததற்கு ஒப்பாகும். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்த சிங்கப்பூரில் அப்படிப்பட்ட போர்வை பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது.

நின்று பார்க்க வேண்டியது வரிசைகளின் நீள வேறுபாட்டைத்தான், ஏனெனில் அது எவருடைய கவனக்குறைவாலும் நேரவில்லை. மூவரும் தேர்ந்த தையற்காரர்கள். ரவிக்கை தைத்தால் ஊசி முனை பிசகாது. மூவருமே இயந்திரத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் விளிம்பைத் துணியின் ஓரத்தோடு ஒட்டவைத்துத் தைத்தார்கள். ஆனால் ஊசியிலிருந்து ஃபுட்டின் விளிம்பு வரை உள்ள தூரம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். எல்லாவற்றிலும் அது கால் அங்குலம் அன்று. இரண்டாம் இயந்திரத்தில் அது ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாக இருந்தது. தையலின் இருபக்கமும் வீசம் வீதம் ஒவ்வொரு தையலும் அரைக்கால் அங்குலத்தை, அதாவது எட்டில் ஒரு பங்கை, கூடுதலாக விழுங்கும். பன்னிரண்டு சதுரங்களை இணைக்கப் பதினொரு தையல். பதினொரு அரைக்கால் சேர்ந்தால் ஒன்றே காலே அரைக்கால் அங்குலம். எங்கள் நாடாவில் கண்ட வேறுபாடு சரியாக அவ்வளவுதான்.

ரவிக்கையில் இந்தப் பிழை தெரியாததற்குக் காரணம், அதில் இரண்டு மூன்று நீளத் தையல்களே இருப்பதும், பக்கத் தையலில் பிரித்துவிடத் துணி உள்ளே இருப்பதும்தான். ஒட்டுப் போர்வையில் அந்த மன்னிப்பு கிடையாது. தையலில் கைதேர்ந்தவர்களே இதில் முதலில் சறுக்குவதைப் பின்னர் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன்.

சாங்கியின் சதுரங்கள்

இந்தக் கட்டத்தில் குழுவில் ஒருவர், சாங்கிச் சிறையில் பெண்கள் தைத்த போர்வைகளை நினைவூட்டினார். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்தத் தீவில் வேறில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின், சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள் அதே ஆண்டில் மூன்று போர்வைகளுக்கான சதுரங்களைத் தைத்தார்கள். செஞ்சிலுவைப் பிரதிநிதியாக உள்ளே இருந்த கனடியப் பெண்மணி எதெல் மல்வனி அதை முன்னின்று நடத்தினார். ஒவ்வொரு போர்வையிலும் 66 சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் ஏறத்தாழ ஆறு அங்குலம். ஒரு பெண்ணுக்கு ஒரு சதுரம். அதில் அவர்கள் தம் பெயரையும் தம்மைப் பற்றிய ஏதேனும் ஓர் அடையாளத்தையும் பூத்தையலாகப் போட்டார்கள். வேறிடத்தில் அடைபட்டிருந்த கணவன்மார்க்கும் உறவினர்க்கும், தாங்கள் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்கும் வழி அது. ஒன்று பிரித்தானியருக்கு, ஒன்று ஆஸ்திரேலியருக்கு என்பதோடு மூன்றாவதைக் காயமுற்ற ஜப்பானியப் படைவீரர்களுக்கு என்று தைத்ததில், மற்ற இரண்டையும் வெளியே அனுப்பும் சாதுரியம் இருந்தது. இன்று பிரித்தானியப் போர்வை லண்டனில் பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், மற்ற இரண்டும் கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் உள்ளன. நம் ஊரில் தைத்ததைப் பார்க்க நாம் விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

இந்த மூன்றுக்கும் முன்னோடி, அதே சிறையில் சாரணச் சிறுமியர் சுமார் இருபது பேர் தங்கள் தலைவி எலிசபெத் என்னிஸுக்காகத் தைத்த அறுகோணத் துண்டுகளாலான போர்வை. அது லண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவற்றின் உருக்கத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நான் தையற்காரியாக வேறொன்றைக் கவனித்தேன். அறுபத்தாறு பெண்களில் பூத்தையல் நன்றாகத் தெரிந்தவரும் இருந்திருப்பார்கள், ஊசியே பிடிக்காதவரும் இருந்திருப்பார்கள். சதுரத்துக்குள்ளே என்ன தைப்பது என்பதில் அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. சதுரத்தின் அளவில் இல்லை. அளவு ஒன்றாக இருந்ததால்தான் 66 கைகளின் வேலை ஒரே பரப்பில் போய் அமர்ந்தது. நாங்கள் தலைகீழாகச் செய்திருந்தோம்: நிற ஒழுங்கைப் பற்றி மூன்று வாரம் வாதாடினோம், அளவை அவரவர் இயந்திரத்திடம் விட்டுவிட்டோம்.

இரண்டாம் போர்வை

சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் பின் மீண்டும் தொடங்கினோம். மூட்டையில் எட்டு கிலோவுக்கு மேல் எஞ்சியிருந்தது. இம்முறை தரம் பிரித்து, துவைத்து, வெட்டி முடிக்கவே நான்கு சனிக்கிழமைகள் ஆயின. இந்த ஆய்வில் ஒரே ஒரு செய்தியைத்தான் வாசகர் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்த நான்கு சனிக்கிழமைகளைப் பற்றியதாக இருக்கட்டும்.

முதலில் துணியை இனம் கண்டோம். தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையை ஆர்ட் சில்க் முன்னமே கெடுத்திருந்தது. ஆகவே ஐயமான ஒவ்வொரு துண்டிலும் ஓர் இழையை உருவி, எவர்சில்வர் தட்டின் மேல் தீயில் காட்டினோம். பருத்தி இழை காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் தீயை விட்டு விலகிச் சுருண்டு உருகி, கறுத்த மணியாக இறுகும். பட்டானால் முடி பொசுங்கும் நாற்றம் வரும். சாம்பலும் மணியும் சேர்ந்தே வந்தால் அது கலப்பு, அதையும் ஒதுக்கினோம். ஒரு மூதாட்டி, நாற்பது ஆண்டு தைத்தவர், பருத்தி என்று அடித்துச் சொன்ன ஓர் இளம்பச்சைத் துண்டு மணியாக உருகியபோது அறையில் எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "என் விரலையே ஏமாத்திடுச்சே" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். முடிவில் தேறிய பருத்தி மூன்று கிலோகூட இல்லை.

பின்பு சிவப்பு, மெரூன், கருநீலம் ஆகியவற்றைத் தனித்தனி வாளியில், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் விட்ட வெதுவெதுப்பான நீரில், ஒரு வெள்ளைத் துணியோடு அரைமணி நேரம் ஊறவைத்தோம். வெள்ளைத் துணி நிறம் பிடித்தால் மீண்டும் அலசல். மூன்றாம் அலசலிலும் பிடித்தால் அந்த நிறம் விலக்கப்பட்டது. முதற்போர்வையைக் கெடுத்த மெரூன் அப்படித்தான் வெளியேறிற்று. துவைத்தவற்றுக்குச் சோற்றுக் கஞ்சி போட்டு உலர்த்தினோம். ரூபியா மென்மையான துணி. கஞ்சி இல்லாமல் வெட்டினால் கத்திக்கு முன்னால் நெளிந்து ஓடும். கஞ்சி போட்ட துணியை இங்கே அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெள்ளிமீன் பூச்சிக்கு அது விருந்து. ஆகையால் வெட்டித் தைப்பதைத் தள்ளிப்போடவில்லை.

சதுரத்தின் அளவை இம்முறை ஆசை தீர்மானிக்கவில்லை, மூட்டை தீர்மானித்தது. பிறைவடிவத் துண்டுகளின் மேல் ஐந்து, நாலரை, நான்கு அங்குல அட்டைகளை வைத்து வைத்துப் பார்த்ததில், நான்கில்தான் பெரும்பாலான துண்டுகள் தேறின. இன்னும் சிறிதாக்கினால் மேலும் துண்டுகள் தேறும். ஆனால் அதற்கும் விலை உண்டு. ஐந்து அங்குலச் சதுரத்தில் தையலுக்குள் மறைவது பரப்பில் 19 விழுக்காடு. நான்கு அங்குலத்தில் 23. மூன்று அங்குலத்திலோ 30 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மறைகிற துணி வீணாவதோடு நிற்காமல் போர்வையின் கனத்தையும் கூட்டும். நான்கு அங்குலத்தில் நின்றோம்: அகலத்தில் 16, நீளத்தில் 20, ஆக 320 சதுரங்கள், முடிந்த அளவு 56க்கு 70 அங்குலம்.

வெட்டும்போது அட்டையின் ஓரம், நெசவில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தே வைத்தோம். கைக்குழிப் பக்கத்து மிச்சங்கள் பெரும்பாலும் கிராஸில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, கிடப்பவை. கண்ணுக்குச் சதுரமாகத் தோன்றும், இரு விரலால் இழுத்தால் ரப்பர் போல நீளும். பாவும் ஊடையும் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று தெரியாத துண்டில் ஓர் இழையை உருவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அளவுக்கு ஒரு சோதனை வைத்தோம். தைக்கப்போகும் ஒவ்வொருவரும் ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை அடுத்தடுத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளக்க வேண்டும். அது சரியாக ஓர் அங்குலம் இருந்தால் தையல் கால் அங்குலம். இல்லையெனில் இயந்திரத்தின் தட்டில் ஊசிக்கு வலப்புறம் நாலைந்து அடுக்காக ஒட்டிய தாள்நாடாவை வீசம் அளவுக்கு நகர்த்தி மீண்டும் தைக்க வேண்டும். இரண்டாம் இயந்திரத்துக்காரர் நான்கு முறை நகர்த்தினார். அதன்பின் வந்த இருபது வரிசைகளில் எதுவும் மற்றொன்றிலிருந்து அரைக்கால் அங்குலத்துக்கு மேல் விலகவில்லை.

நிறம் அடுக்குவதில் ஒரு விபத்து நடந்தது. 320 சதுரங்களையும் தரையில் பரப்பி முடித்த வேளையில் யாரோ உள்ளே வந்து, வியர்க்கிறதே என்று மின்விசிறியைத் தட்டிவிட்டார். இரண்டு மணி நேர வேலை பொங்கல் கோலத்தில் காற்றடித்ததுபோலச் சிதறியது. ஆனால் அதனால் நன்மையே விளைந்தது. மறுபடி அடுக்குமுன் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்த்தோம். எங்கள் கண்ணுக்கு எதிரெதிராகத் தெரிந்த கடுகு மஞ்சளும் கிளிப்பச்சையும் படத்தில் ஒரே சாம்பலாக இருந்தன. முதல் அடுக்கில் நாங்கள் நிறத்தை மாற்றி மாற்றி வைத்தும் போர்வை ஏன் கலங்கிய குட்டைபோலத் தெரிந்தது என்பது அப்போதுதான் புரிந்தது: மிச்சத் துணியில் நிறங்களுக்குப் பஞ்சமில்லை, வெளிறலும் அடர்வும்தான் பிரிந்து நிற்க வேண்டும். வெளிறியவை ஒரு மூலைவிட்டப் பட்டையாகவும் அடர்ந்தவை அடுத்த பட்டையாகவும் மீண்டும் அடுக்கி, வரிசை எண்ணைத் தாளில் எழுதி ஊக்கால் குத்தி, வரிசை வரிசையாகக் கட்டிவைத்தோம். தைத்தபின் ஒற்றைப்படை வரிசைகளின் தையல் மடிப்பை இடப்புறமும் இரட்டைப்படை வரிசைகளினுடையதை வலப்புறமும் சாய்த்து இஸ்திரி போட்டதால், வரிசைகள் சேரும் இடத்தில் மடிப்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மூலைகள் நேராக விழுந்தன.

பஞ்சுத் தகடு வேண்டாம் என்பதில் இம்முறை ஒருவரும் மாறுபடவில்லை. குளிருக்காக உருவான தடிப்பை, இரவில் விசிறியோடு உறங்கும் ஊரில் எதற்காகச் சுமக்க வேண்டும்? நடுவே ஒரு பழைய பருத்தி வேட்டி. அடியில் நைந்து மென்மையான ஒரு சுங்குடிப் புடவை. இரண்டும் நூறுமுறையாவது துவைபட்டவை. இனிச் சுருங்க அவற்றில் ஒன்றுமில்லை. மூன்று அடுக்குகளையும் தரையில் இழுத்து ஒட்டி, ஒரு கை அகலத்துக்கு ஓர் ஊக்கு வீதம் குத்தி, இரண்டு அங்குல இடைவெளியில் கையால் ஓட்டத் தையல் போட்டோம். அதற்கு ஏழு வாரமாயிற்று. மூத்தவர்கள் மூவர் பேசிக்கொண்டே அதன் பெரும்பகுதியை முடித்தார்கள். ஒருவருடைய தையல் எள்ளுப் போல விழுந்தது, அடுத்தவருடையது நெல்லுப் போல. பிரித்துச் சீராக்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சதுரத்தின் அளவில் விட்டுக்கொடுக்க இடமில்லை, கையோட்டத்தில் தாராளமாக உண்டு.

விலை கொடுத்து வாங்கியது ஓரப்பட்டிக்கான கருநீலப் பருத்தி அரை மீட்டர் மட்டும். 44 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டைகள் ஏழு வெட்டி இணைத்து, இரண்டாக மடித்து, 252 அங்குலச் சுற்றளவையும் மூலைத் திருப்பங்களையும் மூடினோம்.

அளந்து பார்த்தவை

முதற்போர்வை காய்ந்த நிலையில் ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. பரப்பளவில் ஏறக்குறைய அதற்கு ஒப்பான இரண்டாவது முக்கால் கிலோவைச் சற்றே தாண்டிற்று. காலை ஒன்பது மணிக்குக் கழியில் போட்டால் வெயிலடிக்கும் நாளில் பிற்பகல் இரண்டுக்கெல்லாம் காய்ந்துவிடுகிறது. மழை நாளில் உள்ளே விசிறிக்கு அடியில் ஓர் இரவு போதும். ஆறு துவைப்புக்குப் பின் நீளத்தில் முக்கால் அங்குலம் குறைந்திருக்கிறது, சாயம் எங்கும் இறங்கவில்லை. குறையும் உண்டு: மூன்று சதுரங்களில் ரூபியா இழை விலகத் தொடங்கியிருக்கிறது. அவை மூன்றும் நாங்கள் தயங்கித் தயங்கிச் சேர்த்த, மற்றவற்றைவிட மெலிந்த துண்டுகள். இனத்தைப் பார்த்த நாங்கள் எடையைச் சரியாகப் பார்க்கவில்லை. அத்தை அதைப் பொருட்படுத்தவில்லை, "கிழிஞ்சா இன்னொரு துண்டு வச்சுத் தச்சுக்கலாம்மா, துண்டுதானே?" என்கிறார்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். மிச்சத் துணிப் போர்வை குப்பையைக் குறைக்கும் என்று பலர் சொல்கிறார்கள், நாங்களும் தொடக்கத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். 320 சதுரங்களின் மொத்த எடை முந்நூறு கிராம்தான். ஒன்பது கிலோ மூட்டையில் அது முப்பதில் ஒரு பங்கு. ஆறு மாதம் எட்டுப் பேர் உழைத்தும் மூட்டையின் பெரும்பகுதி அப்படியே இருந்தது. 2021இல் சிங்கப்பூரில் சேர்ந்த துணி, தோல் கழிவு 1,89,000 டன் என்றும், அதில் மறுசுழற்சிக்குப் போனது 4 விழுக்காடு என்றும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்கு சொல்கிறது. அந்த எண்ணுக்கு முன் எங்கள் போர்வையை நிறுத்தினால் அது போர்வைக்கும் நல்லதன்று, எண்ணுக்கும் நல்லதன்று. ஒட்டுப் போர்வை தைப்பதற்குப் போர்வை வேண்டும் என்பதே போதுமான காரணம்.

ஒதுக்கிய பாலியெஸ்டரில் கொஞ்சம் தலையணைக்குள் திணிக்கப் போயிற்று. ஜரிகைத் துண்டுகளைப் பாலர் பள்ளிக் குழந்தைகளின் கைவேலைக்கு ஒருவர் எடுத்துக்கொண்டார். மீதி இன்னும் அறையின் அலமாரியில் இருக்கிறது. மெய்யான மாற்றம் தேக்காவில் நடந்தது. முதற்போர்வையை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்கார அக்காவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே சொன்னேன்ல?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் போனபோது வெட்டும் மேசைக்கு அடியில் இரண்டு பைகள் தொங்கின. ஒன்றில் பருத்தி மட்டும் போட வேண்டும் என்று கடையில் வேலைசெய்யும் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். துணி எது என்பது வெட்டுகிற கைக்கு அப்போதே தெரியும் அல்லவா, நெருப்பு வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. அண்மையில் அந்தப் பையிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல் துண்டுகள் வந்தன. ஊறவைப்பதற்காகக் கொட்டிப் பார்த்ததில் ஒரே ஒரு சாட்டின் துண்டுதான் வழி தவறி வந்திருந்தது.